எந்தக் கம்பி போடப் போகிறீர்கள், அக்கா?

என் கிடாருக்குள் ஏதோ பூச்சி குடியிருப்பதாகவே மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் பதித்த மூன்றாவது மெட்டை, அழுத்தி மீட்டினால் போதும், எங்கிருந்தோ ‘ட்ர்ர்’ என்று இன்னொரு குரலும் சேர்ந்து பாடும். கிடாரைக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் திருகுகளை எல்லாம் இறுக்கினேன். கடைசியில் குற்றவாளி, கம்பிகள் ஏறி நிற்கும் உலோகப் பிரிட்ஜில் அகப்பட்டது. ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டான சாடிலின் திருகுகள் கழன்று விழாமல் பிடித்து வைக்க ஒரு மெல்லிய கம்பி ஓடுமே, அதுதான். விரல் நகத்தால் அதை அழுத்தினால் ஊமையாகும், எடுத்தால் பாடும்.

ஒரு துளி மெழுகு வைத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். எனக்கோ அந்தப் பிரிட்ஜின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. என்னுடையது உள்ளே கூடாக இருக்கும் எலக்ட்ரிக் கிடார், மேற்பலகை வில்லாக வளைந்தது. இந்த வகைக்கு மரப் பிரிட்ஜ் புதுமையே இல்லை. 1936-இல் கிப்சன் வெளியிட்ட ஈஎஸ்-150 கிடாரில் மரப் பிரிட்ஜ்தான் இருந்தது. ஒவ்வொரு கம்பிக்கும் தனித் திருகு வைத்த ட்யூன்-ஓ-மேட்டிக் உலோகப் பிரிட்ஜ் 1954-இல்தான் வந்தது. ஆகவே நான் செய்ய நினைத்ததைப் புரட்சி என்று யாரும் எண்ண வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. செயற்கைப் பல் செய்வது என் தொழில். பகல் முழுதும் அச்சு, வார்ப்பு, அரம், மெருகு. பல்லுக்குப் போடும் கேப் ஒன்று நூலிழை உயர்ந்துவிட்டாலும் போட்டுக்கொண்டவர் மறுநாள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அதனால், எனக்கு வேண்டிய பிரிட்ஜை நானே வரைந்து, செய்து தருபவர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். தனியாளாகப் பட்டறை நடத்துகிறார். ஏற்கெனவே வரிசை நீளமாக இருக்கிறது, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் எனக்கும் அது வசதிதான்.

முதலில் என் வரைபடத்தை அனுப்பினேன். கருங்காலியில் அடிப்பாகம், அதன்மேல் இரண்டு பித்தளைத் திருகுச் சக்கரங்கள், அவற்றின் மேல் உட்காரும் மேற்கட்டை. மேற்கட்டையின் அகலம் 6 மி.மீ., வளைவின் ஆரம் ஃப்ரெட் பலகையுடையதைப் போலவே 12 அங்குலம், முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடைவெளி 51.24 மி.மீ. என்று போட்டிருந்தேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்ட முதல் கேள்வி இது:

“எந்தக் கம்பி போடப் போகிறீர்கள், அக்கா?”

“இப்போதைக்கு 12-52 ஃப்ளாட்வவுண்ட் போட்டிருக்கிறேன்.”

“இப்போதைக்கு என்பதை வைத்துக்கொண்டு நான் மரத்தை அறுக்க முடியாது.”

12-52 என்பது முதல் கம்பியும் ஆறாவதும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. ஃப்ளாட்வவுண்ட் என்றால் தட்டையான நாடா சுற்றிய கம்பி. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கம்பி என்பது மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சங்கதி, பிரிட்ஜ் ஆயுளுக்கும் இருக்கப் போவது என்பது என் எண்ணம். அரை மணி நேரம் பேசினார். ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபடுகிறது, அதனால் சுருதி ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் சாடில் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் பின்தள்ளி இருக்கிறது. எவ்வளவு பின்தள்ளுவது என்பது ஒவ்வொரு கம்பியின் தடிமனையும் விறைப்பையும் பொறுத்தது. உலோகப் பிரிட்ஜில் ஸ்குரூடிரைவரால் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். மரத்திலோ எலும்பிலோ அது வெட்டிய வெட்டு. பிரிட்ஜ் முழுவதையும் முன்னே பின்னே நகர்த்தலாம், சாய்க்கலாம். ஒரு கம்பியை மட்டும் தனியாகச் சமாதானப்படுத்த வழியில்லை.

எல்லாவற்றிலும் வம்பு பிடித்தது மூன்றாவது கம்பி. என் ஃப்ளாட்வவுண்ட் செட்டில் அது 0.024 அங்குலச் சுற்றுக்கம்பி, உள்ளே ஓடும் இழை மெல்லியது, எனவே சாடில் முன்னே இருந்தால் போதும். இலகுவான 10-46 செட்டில் அதே மூன்றாவது 0.017 வெறுங்கம்பி, மேலே சுற்று இல்லாதது. அதற்கு சாடில் ஏறக்குறைய 2 மி.மீ. பின்னே போக வேண்டும். மர மேற்கட்டையில் தெரியும் படிக்கட்டு போன்ற வெட்டைப் பார்த்தாலே அது எந்த வகைக் கம்பிக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். வேறு கிடாரின் மரப் பிரிட்ஜை வாங்கிப் பொருத்திவிட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி சேரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இதுதான் விடை.

அதே அழைப்பில் என் 6 மி.மீ. அகலமும் போயிற்று. முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் இடையே மூன்று நான்கு மி.மீ. முன்பின் வித்தியாசம் வருகிறது, அதோடு கம்பி உட்காரவும் இடம் வேண்டும், 9 மி.மீ. இல்லாமல் கட்டை தாங்காது என்றார். 51.24-ஐப் பார்த்துச் சிரித்தார். “மரத்துக்கு அந்த இரண்டாம் தசம இடம் தெரியாது, அக்கா. மழை பெய்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்.” வாயை மூடிக்கொண்டு 51 என்று திருத்தினேன்.

ஒரே ஒரு இடத்தில் என் தொழில் ஜெயித்தது. இந்த வகைப் பிரிட்ஜைப் பசையோ திருகோ பிடித்து வைப்பதில்லை. கம்பிகளின் அழுத்தம் மட்டும்தான். என் கிடாரில் கம்பிகள் பிரிட்ஜின் மேல் ஏறி இறங்கும் கோணம் பத்து டிகிரி அளவில் இருக்கிறது. கம்பிகளின் மொத்த இழுவிசை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் கீழ்நோக்கி அழுத்துவது 9 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அழுத்தம் பலகைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பிரிட்ஜின் பாதம் பலகையின் வளைவோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் தடிமனாகவே விட்டு அனுப்புகிறேன், நீங்களே தேய்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள் என்றார். நான் கிடாரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, பல் அச்சு எடுக்கும் சிலிகானைப் பிசைந்து அழுத்தி, அந்த இடத்துக்கு ஓர் அச்செடுத்தேன். அதில் கல்பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுத்து கூரியரில் அனுப்பினேன். பெட்டியைத் திறந்ததும் படம் எடுத்து அனுப்பி, “இது யாருடைய அண்ணம்?” என்று கேட்டிருந்தார்.

ஆறு வாரம் என்று சொன்னது பதினொன்றாயிற்று. எட்டாவது வாரத்திலிருந்து நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலே இல்லை. பிறகு பார்த்தால் கருங்காலித் துண்டு காயும்போது விரிசல் விட்டுவிட்டதாம், வேறு துண்டு எடுத்து முதலிலிருந்து தொடங்கினாராம். அதை எட்டாவது வாரத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நான் முனகியிருக்க மாட்டேன். மரம் விரிசல் விடுவது யாருடைய தவறும் இல்லை, பதில் எழுதாதது தவறுதான்.

பெட்டிக்குள் ஒரு அடிப்பாகமும் இரண்டு மேற்கட்டைகளும் இருந்தன. ஒன்று முழுக்கக் கருங்காலி. மற்றது கருங்காலியில் காடி வெட்டி 6 மி.மீ. தடிமனுள்ள மாட்டெலும்புப் பட்டையைச் செருகியது. பசை கிடையாது, இறுக்கத்தில் நிற்கிறது. பட்டையின் அகலத்துக்குள் அடங்காத ஈடுகட்டலைப் பிரிட்ஜைச் சற்றுச் சாய்த்து வைத்துச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார். வேலைப்பாட்டில் குறை சொல்ல எனக்கே சிரமமாக இருந்தது. இழை நீளவாக்கில் சீராக ஓடுகிறது. பூச்சு எதுவும் இல்லை, உப்புத்தாள் தேய்ப்பிலேயே வந்த மினுக்கம். கருங்காலி நீரில் மூழ்கும் அளவு அடர்த்தியான மரம். ஆனாலும் பழைய உலோக மேற்கட்டையையும் இதையும் இரண்டு கைகளில் ஏந்தினால் இது பாதி எடைகூட இல்லை.

எலும்புப் பட்டையின் ஒரு முனையில் மட்டும் கடுகளவு மஞ்சள் திட்டு, ஒளியில் பிடித்தால் ஊடுருவித் தெரிந்தது. கொழுப்பு முழுதாக நீங்காத எலும்பு அப்படித்தான் இருக்கும். ஒலியை அது ஒன்றும் செய்யாது. மற்றவர்கள் கவனித்திருக்கவும் மாட்டார்கள். எனக்கு இன்றுவரை கண் அங்கேதான் போகிறது.

பாதத்தைப் பொருத்த இரண்டு மாலைகள் பிடித்தன. பலகையின் மேல் 80 எண் உப்புத்தாளைப் பரப்பி, சுற்றிலும் நாடா ஒட்டி, பிரிட்ஜை முன்னும் பின்னும் நேராகத் தேய்க்க வேண்டும். கை ஆடினால் பாதம் உருண்டுவிடும். வார்ப்பை வைத்து அவர் முக்கால்வாசி வேலையை முடித்திருந்ததால் எனக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். பார்வைக்குப் பொருந்திவிட்டது என்று தோன்றிய பிறகு, பற்களின் கடிப்பைச் சரிபார்க்கும் 40 மைக்ரான் நீலத்தாளைப் பாதத்துக்கு அடியில் வைத்துக் கம்பிகளை முழுச் சுருதிக்கு ஏற்றி இறக்கினேன். இரு ஓரங்களிலும் நீலமே படவில்லை. இழுவிசை ஏறும்போது பலகை சற்றுத் தாழ்கிறது, வெறும் கையால் அழுத்திப் பார்த்தபோது தெரியாத இடைவெளி அப்போது தெரிகிறது. இன்னும் இரண்டு முறை தேய்த்த பிறகு முழுப் பாதமும் நீலமாயிற்று. இந்தத் தாள் கிடைக்காதவர்கள் கார்பன் தாளை வைத்துப் பார்க்கலாம்.

இப்போது ஒலி. வீணையிலும் வயலினிலும் நாம் குதிரை என்று சொல்வதுதான் இங்கே பிரிட்ஜ். கம்பியின் அதிர்வைச் சுமந்துகொண்டு போய்ப் பலகையில் இறக்குவது அதன் வேலை. கனமான விறைத்த குதிரை அதிர்வைப் பெரும்பாலும் கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடும், அதனால் சுரம் நீண்டு நிற்கும். இலேசான மரக் குதிரை பலகைக்கு அதிகம் கொடுத்துவிடும், போகிற வழியில் கூர்மையான மேல் ஒலிகளைத் தானும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும்.

முழுக் கருங்காலிக் கட்டையைப் போட்டு ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் மீட்டியபோது, வீட்டில் வேறு யாரோ கிடார் வாசிப்பது போல இருந்தது. சத்தம் கூடியிருந்தது. சுரம் வட்டமாகத் தொடங்கி, உலோகத்தில் இருந்ததைவிடச் சீக்கிரம் அடங்கியது. பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளை வெட்டி வெட்டி வாசிக்கும்போது அந்த அடக்கம் அழகு, ஒரு கார்டின் வால் அடுத்ததன்மேல் ஏறுவதில்லை. மெதுவான ராகம் ஒன்றை ஒற்றைக் கம்பியில் இழுத்து வாசிக்க முயன்றபோது அதே அடக்கம் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. ஃப்ளாட்வவுண்ட் கம்பி இயல்பிலேயே மந்தமானது. அதோடு மரமும் சேர்ந்ததில் ஐந்தாவதும் ஆறாவதும் கம்பளி போர்த்திக்கொண்டு பேசின.

எலும்புக் கட்டைக்கு மாற்றியதும் அந்தக் கம்பளி விலகிற்று. தொடக்கத்தில் ஒரு ‘டக்’ என்ற தெளிவு. உலோகத்தின் கிணுகிணுப்பு இல்லை, ஆனால் எந்த விரல் எப்போது விழுந்தது என்று காதுக்குத் தெரிகிறது. மேல் இரண்டு வெறுங்கம்பிகளில் வித்தியாசம் மிகுதி, கீழே குறைவு.

காது நம்மை ஏமாற்றும் என்பதால் ஒரு சோதனையும் செய்தேன். ஒரே வரியை இரண்டு கட்டைகளிலும் ஐந்தைந்து முறை வாசித்துப் பதிவு செய்தேன். என் அண்ணன் மகன் கோப்புகளைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தான். மைக் வைத்து எடுத்த பதிவில் பத்தையும் சரியாகச் சொன்னேன். பிக்கப் வழியாக எடுத்ததில் ஏழு. ஆம்ப்ளிஃபையரை ஒலி கரகரக்கும் அளவுக்கு முறுக்கி எடுத்ததில் ஐந்து, அதாவது காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் கிடைத்திருக்கும். நீங்கள் வாசிப்பது அந்த மூன்றாம் வகை என்றால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. திடமரக் கிடார் என்றால் வித்தியாசம் இன்னும் குறைவு என்பது என் ஊகம்.

திடமரக் கிடார்காரர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். பல கிடார்களில் கம்பிகளுக்கான எர்த் ஒயர் உலோகப் பிரிட்ஜ் வழியாகத்தான் போகிறது. மரமும் எலும்பும் மின்சாரத்தைக் கடத்தாது. மாற்றிய பிறகு கம்பியைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபையரின் உறுமல் குறையவில்லை என்றால் காரணம் அதுதான். கம்பிகளின் குண்டு முனைகள் உட்காரும் இடத்தில் ஒரு பித்தளைப் பட்டையைப் பதித்து ஒயரை அதில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். என் கிடாரில் எர்த், கம்பிகளின் பின்முனைகளைப் பிடித்திருக்கும் உலோக டெயில்பீஸில் இருந்ததால் தப்பித்தேன். ஆனால் இதைப் பட்டறைக்காரர் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவும் சொன்னார். அவர்மேல் எனக்கிருந்த மரியாதை கூடியதற்கு அது ஒரு காரணம்.

குறை ஒன்று பாக்கி இருக்கிறது. எலும்புக் கட்டையில் நான்காவது கம்பியைத் திறந்து மீட்டினால் சிதார் போல ‘ஸ்ஸ்ங்’ என்று இழுத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கம்பி உட்காரும் பள்ளம் ஃப்ரெட் பலகைப் பக்கம் உயர்ந்தும் டெயில்பீஸ் பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும். கம்பி கடைசியாகத் தொட்டு விலகும் இடம் முன் விளிம்பாக இருந்தால்தான் சுரம் சுத்தமாக வரும். இங்கே பள்ளத்தின் நடுவில் ஒரு மேடு, அதற்கு முன்னால் கம்பி லேசாக உரசிக்கொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். இந்த முறை ஒரே மணி நேரத்தில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார், செலவு தன்னுடையது என்றார். பதினொரு வாரம் நினைவுக்கு வந்தது. நானே செய்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, முகக்கவசம் போட்டு, 0.032 அரத்தால் பத்து இழுப்பு. பல்லைத் துளைக்கும்போது எழும் அதே வாசனை. எலும்புத் தூளை மூச்சோடு இழுப்பது நல்லதில்லை, கவசம் இல்லாமல் யாரும் தொட வேண்டாம். சிதார் போயிற்று. அரமும் பழக்கமும் இல்லாத ஒருவர் இதை வாங்கியிருந்தால் இன்னும் பல வாரம் காத்திருந்திருப்பார் என்பதால் இதற்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன், பதில் எழுதாமல் இருந்ததற்கு இன்னோர் அரை. ஐந்துக்கு நான்கு.

பித்தளைச் சக்கரங்களைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். மரையில் லேசான ஆட்டம் இருக்கிறது. கம்பி ஏறியதும் தெரிவதில்லை.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனம். இரண்டு மாதம் கழித்து ஒரு நண்பருடன் சேர்ந்து வாசிப்பதற்காகக் கம்பியை வளைத்து வாசிக்க வேண்டியிருந்தது. 12-52-இல் வளைத்தால் விரல்தான் வளையும். 10-46 வாங்கிப் போட்டேன். பிரிட்ஜை நகர்த்தி முதலாவதையும் ஆறாவதையும் சரிசெய்தேன். மற்றவையும் ஏறக்குறைய ஒத்துழைத்தன. மூன்றாவதை மட்டும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி பார்க்கும் ட்யூனரில் முள் 6 சென்ட் மேலே போய் நின்றது. அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட். என் கிடாரின் நீளம் 628 மி.மீ. அந்த நீளத்தில் ஒரு மி.மீ. பிசகினால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 3 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தப்பும். அப்படியென்றால் ஏறக்குறைய 2 மி.மீ. தொலைபேசியில் அவர் சொன்ன அதே கணக்கு.

அவரை அழைத்து மூன்றாவதாக ஒரு மேற்கட்டை வேண்டும் என்றேன், முழு மரம், வெறுங்கம்பிக்கான வெட்டு. சிரிக்கவில்லை, சொன்னேனே என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “எந்தக் கம்பி, அக்கா?” என்று மட்டும் கேட்டார். இந்த முறை வாயால் பதில் சொல்லவில்லை. பிரிக்காத கம்பிப் பாக்கெட் ஒன்றைப் பல் பெட்டியில் வைத்து அவருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன்.